பிஸ்கட்டவே படுகளம்

பத்து வயதில் நான் நம்பிய ஒரு மடத்தனத்தை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நீங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருக்கிறேன். ஒரு சொம்புத் தண்ணீரும் ஒரு கொத்து மேப்பிள் இலையும் கையில் இருந்தால் செத்தவர்களை என்னால் எழுப்ப முடியும் என்று நம்பினேன். விளையாட்டுக்கு இல்லை. முறையாகச் சோதனை செய்து, அது பலித்து, அதன்பிறகே நம்பினேன்.

சோதனைக்குக் கிடைத்தது ஒரு அணில். முதுகில் கோடில்லாத, பூனைக்குட்டி பருமனுக்கு இருக்குமே, அந்தச் சாம்பல் அணில். எங்கள் வீட்டு ட்ரைவ்வேயில் யாருடைய கார் ஏறியதோ, மல்லாந்து கிடந்தது. மூன்று முறை சுற்றி வந்து இலையால் தண்ணீர் தெளித்தேன். அசையவில்லை. பயந்துபோய் உள்ளே ஓடி, ஒரு கிண்ணம் சீரியல் சாப்பிட்டுத் தைரியம் வரவழைத்துக்கொண்டு திரும்பி வந்தால், அணிலைக் காணோம். கராஜுக்குள் அப்பா மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அணில் எந்திரிச்சுப் போயிருச்சு."

அப்பா மண்வெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்படியா கண்ணு. போகட்டும், அதுக்கும் வேலைவெட்டி இருக்குமல்ல" என்றார்.

மண்வெட்டியையும் அணிலையும் சேர்த்து யோசிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. கணக்கில் நான் எப்போதும் சுமார்தான்.

இதை எழுதச் சொன்னது, நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் என்னோடு வளர்ந்த நீங்கள்தான். வருகிற கோடையில் டாலஸில் படுகளம் நடத்தப்போகிறீர்கள். என் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, மேடை ஓரத்தில் வைக்கப்போகிறீர்கள். விழா மலருக்கு அவரைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று டாக்டர் அங்கிளின் மகள் ஃபோன் செய்தாள்.

"டேய், அன்னைக்கு நாங்க எல்லாரும் செத்துக் கிடந்தோம். நீ ஒருத்தன்தான் கண்ணை ஓபன் பண்ணிட்டு நின்ன. நீ எழுதினாத்தான் ஆதென்டிக்கா இருக்கும். நைஸா எழுது. கொஞ்சம் டிவைனா."

சொன்னது சரி. அன்று நீங்கள் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைக்குமான பிணங்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு, புல் அரிப்பதைப் பொறுத்துக்கொண்டு கிடந்தீர்கள். புடவை கட்டிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான். போன குளிர்காலத்தில் அம்மாவும் போய்விட்டாள். அதனால் இனி எழுதலாம்.

உங்கள் பிள்ளைகளும் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்கக்கூடும் என்பதால் கதையை இரண்டு வரியில் சொல்கிறேன். பல நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து மலையடியில் ஒரு சண்டை. கீழே ஏர் ஓட்டியவர்கள் ஒரு பக்கம், மேலே காட்டை ஆண்டவர்கள் ஒரு பக்கம். கீழ்ப்பக்கத்துக்கு அண்ணன் தம்பி இருவர் தலைவர்கள். ஊரில் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். அண்ணன்மார் என்றால் போதும். மலையிலிருந்து ஒரு பெரிய காட்டுப்பன்றி இறங்கி வந்து பயிரை அழித்தது. அதைத் துரத்திக்கொண்டு மேலே போனவர்கள் சூதில் மாட்டிப் படையோடு செத்தார்கள். தங்கை ஒருத்தி, பிணங்களுக்கு நடுவே அண்ணன்மாரைத் தேடிக்கொண்டு நடந்தாள். கண்டுபிடித்துத் தண்ணீர் தெளித்தாள். அவர்கள் எழுந்து உட்கார்ந்து அவளோடு நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி படுத்துவிட்டார்கள். அவர்கள் விழுந்த இடம்தான் படுகளம்.

ஊர்த் திருவிழாவில் இந்தக் கதையை உடுக்கை அடித்துப் பாடுவார்கள். சாவு வரும் இடத்தில், வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் வெட்டிய மரம் போலச் சாய்வார்கள். அது நடிப்பு இல்லை, அருள். விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளை வேட்டியால் தலையோடு மூடிவிடுவார்கள். பிறகு அவர்களைத் தொடக்கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. தங்கை வந்து தீர்த்தம் தெளிக்கும்போதுதான் எழுவார்கள். அதுவரை அவர்கள் செத்தவர்கள். இது சட்டம்.

பெரியப்பாவை நினைவிருக்கிறதா? அப்பாவுக்குப் பெரியப்பா மகன். மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட். பேன்ட் எப்போதும் கணுக்காலுக்கு மேலே நிற்கும். பிஸ்கட்டவேயில் படுகளம் நடத்தலாம் என்று ஆரம்பித்தவர் அவர்தான். அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் ஒத்திகை. ஈரக் கார்ப்பெட் வாசனையும் தக்காளிச் சாத வாசனையும் கலந்த அந்த இடத்தில், அந்தக் கோடை முழுவதும் நம் அப்பாமார்கள் விழுந்து விழுந்து பழகினார்கள்.

பெரியப்பாவுக்கு ஒரே கவலை. "அங்க ஆளு தானா விழுகுது. இங்க நாம லிஸ்ட் போட்டு விழுகறோம். இதுல என்ன இருக்குது சொல்லு" என்பார் அப்பாவிடம். "ஒருத்தன், ஒரே ஒருத்தன் லிஸ்ட்ல இல்லாதவன் விழுந்துட்டாப் போதும். அவங்க கடல் தாண்டி வந்துட்டாங்கன்னு நான் நம்பிருவேன்."

"விழுந்தா இன்ஷூரன்ஸ் கவர் பண்ணுமாங்கண்ணா?" என்பார் அப்பா.

அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. பாலங்களில் விரிசல் பார்க்கும் என்ஜினீயர் அவர். சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை வைத்திருப்பார். அதில் மயிரிழையிலிருந்து விரல் பருமன் வரை கோடுகள் இருக்கும். விரிசல் மேல் வைத்துப் பார்த்து எவ்வளவு என்று எழுதிக்கொள்வார். வீட்டுச் சுவர், ரெஸ்டாரன்ட் தட்டு, என் குதிகால், எதையும் விடமாட்டார். லிஸ்டில் பெயர் போடவா என்று பெரியப்பா கேட்டதற்கு, "நான் விழற ஆளு இல்லீங்கண்ணா. ஐஸ் பெட்டியைத் தூக்கறேன், அது போதும்" என்றுவிட்டார்.

தங்கை வேஷத்துக்கு முதலில் பேசியது டாக்டர் அங்கிளின் மகளைத்தான். அவள் புடவையைப் பார்த்தாள், பெரியப்பாவைப் பார்த்தாள். "நோ வே, அங்கிள். ஐ வில் பி அ டெட் பாடி" என்றாள். மற்ற பெண் பிள்ளைகளும் அவள் பின்னால் போய்ப் பிணங்களாகிவிட்டார்கள். இரண்டு மாதமாக முடி வெட்டாமல் இருந்தது என் குற்றம். பெரியப்பா என் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவன் சரியா இருப்பான்."

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். ஸ்கூலில் யாராவது பார்த்துவிட்டால்? பேர் மாற்றிக்கொண்டு கலிஃபோர்னியா போய்விடுவது என்று முடிவு செய்து, முதுகுப்பையில் இரண்டு ஜட்டியும் ஒரு டார்ச் லைட்டும் எடுத்து வைத்திருந்தேன். பக்கத்து ஊர் ஐசலினில், இந்தியத் துணிக்கடையில் அம்மா சிவப்புப் புடவை எடுத்தபோது கடைக்காரம்மா, யாருக்கு என்று கேட்டார். "பையனுக்குத்தானுங்க" என்றாள் அம்மா, ஷூ வாங்குகிற மாதிரி. நான் துணிச் சுருளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். செத்தவர்களை எழுப்பும் வரம் மட்டும் கைவசம் இல்லாதிருந்தால் அந்த வெட்கத்தை நான் தாண்டியிருக்கமாட்டேன். ஊரில் நிஜமாகவே எழுவார்களா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "பின்னே? தண்ணி பட்டதும் எந்திரிச்சு உக்காருவாங்க. நானே பார்த்திருக்கறேன்" என்றார். அதன் பிறகுதான் அணில்.

இடத்துக்கு மலை வேண்டுமே. பிஸ்கட்டவேயில் மலைக்கு எங்கே போவது? டவுன்ஷிப் பார்க்கில், பேஸ்பால் மைதானம் தோண்டிய மண்ணைக் குவித்த ஒரு மேடு இருந்தது. பனிக்காலத்தில் நாம் சறுக்கி விளையாடுவோமே, அதுதான். பெரியப்பா பர்மிட் வாங்கப் போனபோது, என் இங்கிலீஷை நம்பி என்னையும் அழைத்துப் போனார். பார்க் ரேஞ்சர் ஒரு தொப்பிக்காரக் கிழவர். ஃபாரத்தைப் படித்துவிட்டு, எந்தப் போர் என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போரை நடித்துக் காட்டும் கும்பல்கள் நிறைய. பஞ்சுத் தலைமுடி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது செத்துக்கொண்டிருப்பார்கள்.

"மெடீவல்" என்றார் பெரியப்பா. கொஞ்சம் யோசித்து, "மவுன்ட்டன்" என்று சேர்த்துக்கொண்டார்.

ரேஞ்சர் ஜன்னல் வழியாக அந்த மண்மேட்டைப் பார்த்தார். முத்திரை குத்திவிட்டார்.

வேப்பிலைக்கு வழி இல்லை. "பச்சையா இருந்தாப் போதும். சாமி பாட்டனி படிக்கல" என்று பெரியப்பாவே பார்க்கிங் ஓரத்து மேப்பிளில் ஒரு கொத்து ஒடித்துக் கொடுத்தார்.

ஜூலை மாதம். காலையிலேயே வெயில் பிடரியில் அடித்தது. அப்பா வண்டியிலிருந்து ஐஸ் பெட்டிகளையும் மடக்கு மேஜைகளையும் சோற்றுப் பானையையும் மேட்டுக்கு ஒவ்வொன்றாகத் தூக்கினார். மற்றவர்களுக்கெல்லாம் வேஷம் கலையக்கூடாது. மூன்றாவது நடையில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"ஏனுங், என்னாச்சு?" என்றாள் அம்மா.

"நேத்து நைட்டு பூரி. கேஸ்."

அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அவள் பையில் அது எப்போதும் இருக்கும். அப்பா அதைக் குடித்துவிட்டு, நம்மை எல்லாம் பார்த்து வேண்டுமென்றே பெரிய ஏப்பம் விட்டார். நீங்கள் கைதட்டினீர்கள். நினைவிருக்கும்.

பாட்டுக்காரர் கேசட்டில் இருந்தார். பெரியப்பா ஊர்த் திருவிழாவில் பதிவு செய்து கொண்டுவந்த கேசட் அது. உடுக்கைக்கு நடுவே ஒரு நாய் குரைக்கும். படை மலையேறும் இடத்தில் டவுன் பஸ் ஹாரன் அடிக்கும். ஒத்திகையில் கேட்டுக் கேட்டு, அந்த ஹாரனும் கதையில் ஒரு பகுதி என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கம் முழுக்கச் சண்டை. இரண்டாம் பக்கம் முழுக்கத் தங்கை தேடுவது. பக்கத்துக்கு அரை மணி நேரம். தண்ணீர் தெளிக்கும் வரி இரண்டாம் பக்கத்தின் கடைசியில் வரும். அந்தக் கேசட் இப்போது யாரிடமும் இல்லை. விசாரித்துப் பார்த்துவிட்டேன்.

உடுக்கை வேகம் எடுத்தது. லிஸ்டில் இருந்தவர்கள் நல்ல புல்லாகப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திக்கொண்டு செத்தார்கள். டாக்டர் அங்கிள் நிழலில் செத்தார். பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் ஒரே குவியலாக விழுந்து, பெரியப்பா முறைத்த பிறகு தனித்தனியாகச் செத்தீர்கள். பெண்கள் வந்து ஒவ்வொரு பிணத்தையும் வேட்டியால் மூடினார்கள்.

அப்போது அப்பா, கையில் ஒரு ஐஸ் பையோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு முழங்காலை ஊன்றினார். ஷூ கயிறு கட்டப்போகிறார் என்று நினைத்தேன். அப்படியே முகம் குப்புற விழுந்தார். புல் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றவில்லை. ஐஸ் பை கிழிந்து கட்டிகள் சரிவில் உருண்டன.

பெரியப்பாவுக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. "வந்துட்டாங்க" என்றார். "சாமி, வந்துட்டாங்க. இவன் மேல வந்துருக்காங்க. நம்பாதவன் மேல வந்துருக்காங்க பாரு."

நின்றிருந்த பெண்கள் குலவை போட்டார்கள். என் அம்மா தலைக்கு மேல் கையைக் கூப்பிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எத்தனை வருஷமாக இந்த மனுஷனுக்குப் பக்தி வராதா என்று ஏங்கியவள். இரண்டு பேர் அப்பாவைப் பக்குவமாகப் புரட்டிப் போட்டார்கள். பிரித்து வைத்ததிலேயே புது வேட்டியை எடுத்து அம்மாவே தலையோடு மூடினாள். பெரியப்பா கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

அப்பாவைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். என் அப்பா எல்லோரையும்விட நன்றாக விழுந்தார்.

இரண்டாம் பக்கம் என்னுடையது. சொம்பைத் தூக்கிக்கொண்டு பிணங்களுக்கு நடுவே மூன்று சுற்று நடக்கவேண்டும். பயம் ஒரு பக்கம், பதினோரு ஊக்கு ஒரு பக்கம். முதல் சுற்றிலேயே ஒரு ஊக்கு கழன்று இடுப்பில் குத்த ஆரம்பித்தது. எங்கே புடவை அவிழ்ந்து எல்லோர் முன்னாலும் பேட்மேன் ஜட்டியோடு நிற்கப்போகிறேனோ என்ற ஒரே நினைப்புதான் மண்டைக்குள். முதல் சுற்றில் இன்னொன்றும் நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். உங்களுக்கு அவசரம் இருந்தாலும் எனக்கு இல்லை.

இரண்டாவது சுற்றில் ரேஞ்சர் தன் சின்ன வண்டியில் வந்தார். மேடு முழுக்க வெள்ளைத்துணி போர்த்திய பிணங்களைப் பார்த்தார். புடவை கட்டிய பையனைப் பார்த்தார். கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த மேட்டில் இதைவிட மோசமாகச் செத்தவர்களை அவர் பார்த்திருப்பார்.

மூன்றாவது சுற்று முடிந்ததும் தண்ணீர் வரி வந்தது. தெளித்தேன். ஒவ்வொருவராக எழுந்தீர்கள். ஒருவன் தும்மினான். ஒருத்தி, "வாட் டுக் யூ ஸோ லாங்?" என்றாள். டாக்டர் அங்கிள் எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைத் தேடினார். அருள் வந்தவருக்குக் கடைசி மரியாதை என்று அப்பாவைக் கடைசியில் வைக்கச் சொல்லியிருந்தார் பெரியப்பா.

தெளித்தேன். எழவில்லை.

"ஆழமாப் போயிட்டாரு" என்றார் பெரியப்பா, மெதுவாக, பயபக்தியோடு. "இன்னொருக்கா தெளி."

தெளித்தேன். எல்லோரும் கைகட்டி நின்றார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பா வேண்டுமென்றே என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சொம்பை அப்படியே கவிழ்த்தேன். ஈரவேட்டி முகத்தில் ஒட்டிக்கொண்டது. மூக்கு தெரிந்தது, வாய் தெரிந்தது. டாக்டர் அங்கிள் அப்போதுதான் கண்ணாடியைப் போட்டார். வேட்டி மூக்கின் மேல் அசையவில்லை என்று முதலில் பார்த்தவர் அவர். தாவி வந்து வேட்டியை உருவினார். பிறகு அவர் எண்ணுவது மட்டும் கேட்டது. ஒன், டூ, த்ரீ, ஃபோர். நெஞ்சை அமுக்கிக்கொண்டே, ஃபோன் பண்ணுங்க என்று கத்தினார். யாரோ வேஷத்தோடு பாத்ரூம் பக்கத்து பே ஃபோனுக்கு ஓடினார்கள். கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன்மார் எழுந்து தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்ஸ் புல் மேலேயே ஏறி வந்தது. அதில் வந்த பெண் அப்பாவின் சட்டையைக் கத்தரியால் வெட்டினாள். பையிலிருந்து விரிசல் அட்டை புல்லில் விழுந்தது. பிறகு அதைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"ஹவ் லாங் ஹேஸ் ஹீ பீன் டவுன்?" என்று கேட்டாள். ஒருவரும் பேசவில்லை. அத்தனை பேரும் இங்கிலீஷில் டிகிரி வாங்கியவர்கள். அவள் மறுபடி கேட்டாள். பெரியப்பா என் தோளைப் பிடித்தார். "இப்பத்தான் விழுந்தாருன்னு சொல்லு சாமி" என்றார்.

"ஜஸ்ட் நவ்" என்றேன்.

டாக்டர் அங்கிள் தலையைத் தூக்கவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தார்.

மறுநாளே கதை பிறந்துவிட்டது. அண்ணன்மார் கூப்பிட்டார்கள், இவர் போய்விட்டார் என்று பெரியப்பா அழுதுகொண்டே சொன்னார். விழுந்த நொடியிலேயே உயிர் பிரிந்தது என்றார்கள். முகத்தில் சிரிப்பு இருந்தது என்றார்கள். கருடன் மூன்று முறை வட்டமிட்டது என்றார்கள். பறவை வட்டமிட்டது உண்மைதான். அது நம் சாப்பாட்டு மேஜை மேல் கண் வைத்த ஜெர்சிக் கழுகு. ஊரில் சித்தப்பா, மலையடிவாரத்தில் அப்பா பெயரில் ஒரு மண்குதிரை வைத்தார். அம்மா அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டு முப்பத்தைந்து வருஷம் எழுந்தாள், சமைத்தாள், என்னைப் படிக்கவைத்தாள். "உங்கப்பாவை நோய் கொண்டுபோகல. அவங்களே வந்து கூட்டிட்டுப் போனாங்க" என்பாள். நானும் சும்மா இருக்கவில்லை. பார்ட்டிகளில் இதைச் சொல்லும்போது கருடனை ஐந்து முறை வட்டமிடவைத்திருக்கிறேன்.

டாக்டர் அங்கிள் கலிஃபோர்னியாவுக்குப் போய், அங்கே டப்ளின் என்ற ஊரில் இருந்தார். ஒருமுறை போய்ப் பார்த்தேன். காபி போட்டுக் கொடுத்தார். "நான் மூணு ஆளு தள்ளித்தான் படுத்திருந்தேன்" என்றார். பிறகு ஃப்ரீவேயில் ட்ராஃபிக் எப்படி இருந்தது என்று கேட்டார்.

இங்கே டெக்சாஸில் என் ஆபீஸில் ஒருவர் இருக்கிறார். மலைக்கு மேலே இருந்தவர்களின் வழி வந்தவர். அவர்கள் வீட்டிலும் இந்தச் சண்டைக்கு ஒரு பாட்டு உண்டாம். அதில் காட்டைப் பிடிக்க வந்தவர்கள் நம் ஆட்கள். பன்றி அவர்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்தது. "உங்க கதையில எங்களுக்கு டயலாக்கே இல்லைங்க" என்று சிரித்தார். நிஜமாக அந்த மலையில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வரப்புத் தகராறாகக்கூட இருக்கலாம். ஆனால் அங்கேயும் பிணங்களுக்கு நடுவே கண்ணைத் திறந்துகொண்டு ஒருத்தி நடந்திருக்கிறாள். அவள் திரும்பி வந்து சொன்னதைத்தான் இத்தனை நூறு வருஷமாகப் பாடுகிறார்கள். அவள் எதையெல்லாம் சொல்லாமல் விட்டாளோ.

சரி. முதல் சுற்று.

அப்பாவுக்குப் பக்கத்தில் வந்தபோது வேட்டிக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. குனிந்து ஓரத்தைத் தூக்கினேன். அப்பா கண் திறந்திருந்தது. கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து, முகமெல்லாம் வியர்த்திருந்தது. விழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

"கண்ணு, முடியல. டாக்டரைக் கூப்புடு" என்றார். தெளிவாகத்தான் சொன்னார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். பெரியப்பா தூரத்திலிருந்து, நில்லாதே, நட என்று கை காட்டினார். இடுப்பில் ஊக்கு குத்தியது.

"அப்பா, நீங்க செத்துட்டீங்க. செத்தவங்க பேசக்கூடாது" என்றேன். "பாட்டு முடியட்டும், நானே வந்து எழுப்பறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "சரி கண்ணு" என்றார்.

வேட்டியை இழுத்து மூடிவிட்டு அடுத்த ஆளிடம் போனேன்.